முன்பாரம், பின்பாரம்: டிராக்டர் பழகும் தம்பிகளுக்கு

பாடாலூர்ப் பக்கம் டிராக்டர் ஓட்டப் பழகுவது பெரிய காரியமில்லை. கரிசல் காட்டில் கலப்பையைப் போட்டு நாலு நாள் உழுதால் கை தானாகப் பழகிவிடும். டிரைலரை மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வருவதுதான் தனிப் படிப்பு. நம் ஊரைச் சுற்றிக் கல் குவாரியும் கிரஷரும் இருக்கின்றன. செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி, எறையூர் சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பு என்று எல்லாமே டிராக்டர் பின்னால்தான் நகர்கின்றன. அந்த வண்டிகள் ஏறுகிற ரோடோ திருச்சி–சென்னை நாற்கரச் சாலை. அரியலூர்ப் பக்கம் போனால் சிமெண்ட் லாரிகள், சுண்ணாம்புக்கல் லாரிகள். வீட்டில் பையனுக்குக் கியர் சொல்லித் தருகிறார்கள், ஹைட்ராலிக் சொல்லித் தருகிறார்கள். கொக்கியையும் பாரத்தையும் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. அதனால் எழுதுகிறேன். இப்போது தங்கச்சிகளும் ஓட்ட வருகிறார்கள்; அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

1. எச்.பி.யைக் கேட்டு மயங்காதே, எடையைக் கேள்.

டீக்கடையில் முதல் கேள்வியே "வண்டி எத்தனை எச்.பி.?" என்பதுதான். 45 எச்.பி. டிராக்டர் சமதளத் தார் ரோட்டில் ஐந்தாறு டன்னை முக்காமல் முனகாமல் இழுத்துவிடும். இழுத்ததை நிறுத்தவேண்டிய நேரம் வரும்போது அந்த எச்.பி. உனக்கு உதவாது. டிராக்டரின் எடை, டயர் தரையைப் பிடிக்கிற பிடி, பிரேக் ஆகிய மூன்றும்தான் நிறுத்தும். நம் பக்கம் ஓடும் 40, 50 எச்.பி. வண்டிகள் பெரும்பாலும் 2 டன் எடையை ஒட்டியவை. அவற்றின் பின்னால் மாட்டுகிற டிரைலர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. ஆக, டிரைலர், அதிலுள்ள பாரம், வண்டி எல்லாவற்றையும் டிராக்டரின் பின் சக்கரம் இரண்டுதான் பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

டிராக்டர் கையேடுகள் பலவற்றில் ஒரு கணக்கு போட்டிருக்கும். பிரேக் இல்லாத டிரைலர், ஏற்றிய பாரத்தோடு சேர்த்து, டிராக்டர் எடையில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. உன் வண்டி 2 டன் என்றால் டிரைலரும் பாரமுமாக 3 டன். டிரைலர் காலியாகவே ஒரு டன்னுக்கு மேல் நிற்கும். மிச்சம் இரண்டு டன்கூட இல்லை. ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏற்றினால் சுமார் நாலரை டன் வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். ஜல்லியும் ஏறக்குறைய அதே எடைதான். அரை யூனிட்டிலேயே கணக்கு முட்டிவிடுகிறது. "எல்லாரும் ஒரு யூனிட்தானே அடிக்கிறார்கள்" என்பாய். அடிக்கிறார்கள், உண்மைதான். அதில் ஒவ்வொரு நடையும் எதிரே யாரும் குறுக்கே வராததால் ஊர் வந்து சேர்ந்த நடை.

2. எடைமேடைக்கு ஒரு நாள் போய் வா.

கிரஷர் வாசலிலேயே எடைமேடை இருக்கிறது. பாரத்தைப் போட்டுச் சீட்டு வாங்குவதோடு விட்டுவிடாதே. முதலில் டிராக்டரை மட்டும் தனியாக எடை போடு. பிறகு முன் சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி எடை பார். எடுத்துக்காட்டாக, மொத்தம் 2,000 கிலோ, முன் சக்கரத்தில் 800 கிலோ என்று வைத்துக்கொள். இப்போது பாரம் ஏற்றிய டிரைலரை மாட்டி, மறுபடியும் முன் சக்கரத்தை மட்டும் ஏற்று. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது இந்தக் கணக்கில் 400 கிலோவாவது, முன் சக்கரத்தில் தங்கியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் ஸ்டீயரிங்கைத் திருப்புவாய், வண்டி நேராகப் போகும்.

இன்னொன்றும் பார்த்துவிடு. டிரைலரை மாட்டியபடியே டிராக்டரின் நான்கு சக்கரமும் மட்டும் மேடையில் நிற்கட்டும். முன்பு 2,000 காட்டிய மேடை இப்போது 2,350 காட்டினால், அந்த 350 கிலோதான் டிரைலர் உன் கொக்கி மேல் உட்காருகிற முன்பாரம். இந்த எண்களை மட்கார்டின் உள்பக்கம் பெயிண்டில் எழுதி வைத்துக்கொள். கண்மதிப்பில் ஓட்டுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கண்ணுக்குக் கிலோ தெரியாது.

3. முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்று.

இந்தப் படிப்பு நமக்குப் புதிதல்ல. மாட்டுவண்டி ஓட்டிய நம் தாத்தாமார்கள் மூட்டை அடுக்கும்போதே "முன்பாரம் தட்டுது, ரெண்டு மூட்டையைப் பின்னால தள்ளு" என்பார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கிக் கயிறு கழுத்தை அறுக்கும். இரண்டு சக்கர டிரைலரும் அச்சு அசலாக அதே வண்டிதான். மாட்டுக்குப் பதில் டிராக்டர்.

பின்பாரம் விழுந்தால் டிரைலர் மூக்கு மேலே தூக்கும். டிராக்டரின் பின் சக்கரத்திலிருந்து எடை குறையும். பிரேக் பிடிக்கவேண்டிய சக்கரமே லேசாகிவிட்டால் பிரேக் பிடித்தும் வண்டி வழுக்கும். வேகம் கொஞ்சம் கூடியதும் டிரைலர் இடவலமாக ஆடத் தொடங்கும். முன்பாரம் அளவுக்கு மிஞ்சினால் கதை மறுபக்கம்: டன் கணக்கில் கொக்கியில் உட்கார்ந்து டிராக்டரின் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து கிளப்பும். கரும்பு ஏற்றும்போது பின்பக்கம் நீட்டிக்கொண்டு போகிற கட்டுகளைக் கவனி. கிரஷரில் லோடர்காரர் கொட்டுகிற இடத்தையும் கவனி. பாரத்தின் நடு, டிரைலர் அச்சுக்குச் சற்று முன்னால் விழவேண்டும். லோடர்காரரிடம் சொல்லிக் கொட்ட வை. அவர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

ஒன்றைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள். பின்பாரம் விழுந்த டிரைலரில் கொக்கிப் பின்னை உருவினால், டிரைலர் மூக்கு விசுக்கென்று மேலே எகிறும். குனிந்து பின் உருவுகிறவன் தாடை அந்த நேரத்தில் சரியாக அதற்கு மேலேதான் இருக்கும். பின்னைத் தொடும் முன் அது இறுகி நிற்கிறதா, தளர்ந்து ஆடுகிறதா என்று அசைத்துப் பார். அடியிலிருந்து மேல்நோக்கி அழுத்தி இறுகியிருந்தால் கையை எடுத்துவிடு. பாரத்தை முன்னே மாற்றிய பிறகு தொடு.

4. கொக்கியை மேலே ஏற்றாதே.

டிராக்டரின் பின்னால் டிரைலர் கொக்கிச் சட்டத்தில் மேலும் கீழுமாகத் துளைகள் இருக்கும். உயரம் மாற்றிப் போல்ட் போடலாம். டிரைலரை மாட்டிய பின் அதன் தளம் ஏறக்குறைய மட்டமாக நிற்கிற துளையைத் தேர்ந்தெடு. சிலர் சேற்றில் டிரைலர் சிக்கினால் சங்கிலியை மேலே, டாப் லிங்க் மாட்டுகிற இடத்திலோ பின் அச்சிலோ கட்டி இழுக்கிறார்கள். இதைப்போலக் கொலைகாரப் பழக்கம் வேறில்லை. பின் அச்சின் நடு உயரத்துக்கு மேலிருந்து இழுத்தால், டிரைலர் நகர மறுக்கும்போது டிராக்டர் தன் பின் சக்கரத்தைச் சுற்றியே முன்பக்கத்தைத் தூக்கி, ஓட்டுகிறவன் மேல் மல்லாக்கக் கவிழும். இனித் திருப்ப முடியாது என்கிற நிலையை அது ஒரு விநாடிக்குள் தாண்டிவிடும். கிளட்சை மிதிக்க வேண்டும் என்று மூளை சொல்லிக் கால் நகர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இழுப்பது எப்போதும் கீழ்க் கொக்கியில்தான்.

குவாரிக் குழியிலிருந்து பாரத்தோடு மேலே வரும் சரிவிலும் இதே ஆபத்து உண்டு. அடியிலேயே கீழ் கியரைப் போட்டுவிட்டு ஏறு. பாதியில் கியர் மாற்றாதே. நின்றுவிட்டால் கிளட்சைப் பட்டென்று விடாதே. முன் பம்பரில் எடைக்கட்டி போட இடமிருந்தால் போட்டுக்கொள். சுவீடன் நாட்டில் 1959-லேயே புது டிராக்டர் எல்லாவற்றிலும் ஓட்டுநர் தலைக்கு மேல் இரும்புக் காப்பு வளைவு கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். கவிழ்ந்து சாகிறவர் எண்ணிக்கை அங்கே வெகுவாக இறங்கியது. நம் வண்டியில் அந்த வளைவு வந்திருந்தால், நிழலுக்குக் கூரை கட்டவேண்டும் என்று அதை அறுத்தெறியாதே. வளைவு இருக்கிற வண்டியில் சீட் பெல்ட்டையும் போடு. இரண்டும் சேர்ந்தால்தான் காப்பு.

5. பின் என்பது போல்ட் அல்ல.

கொக்கிப் பின் தொலைந்துபோனால் கையில் கிடைத்த போல்ட்டையோ கடப்பாரைத் துண்டையோ சொருகிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். போல்ட்டின் மரை ஒவ்வொன்றும் ஒரு வெட்டு. குலுங்கிக் குலுங்கி அங்கேயே விரிசல் விடும். கடப்பாரைத் துண்டு வளையும், வளைந்தால் கழலாது. கழன்றால் நடு ரோட்டில் கழலும். டிரைலர் வளையத்துக்கு ஏற்ற கனமுள்ள, கொக்கிக்கென்றே செய்த பின்னை வாங்கு. இருப்பு ஒன்று டூல் பாக்ஸில் கிடக்கட்டும்.

மாதம் ஒரு தடவை பின்னை உருவித் துடைத்து, கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழ் வரை தடவிப் பார். வளையம் உரசுகிற இடத்தில் நகம் விழுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் மாற்றிவிடு. வளையத்தையும் பார்; வட்டமாக இருந்தது முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் பட்டறையில் புது வளையம் வைக்கச் சொல். டிரைலர் மூக்குச் சட்டம் தளத்தோடு சேர்கிற வெல்டிங்கில் பெயிண்ட் மெல்லிய கோடாக வெடித்து, கோட்டோரம் செந்துரு கசிந்திருந்தால் உள்ளே விரிசல் ஓடிவிட்டது என்று அர்த்தம். மேலே பெயிண்ட் அடித்து மறைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பின்னின் கீழ்த் துளையில் பூட்டுக் கம்பி மாட்டாமல் ஒரு அடிகூட நகராதே. அதோடு டிரைலருக்கும் டிராக்டருக்கும் நடுவே ஒரு கனமான சங்கிலி. பின் போனாலும் டிரைலர் சாலையில் தனியாகப் பயணம் போகாது.

6. நடுவில் யாரும் நிற்கக் கூடாது.

டிராக்டரைப் பின்னால் எடுத்து டிரைலரோடு சேர்க்கும்போது கூட வந்த பையன் நடுவே நின்று மூக்கைத் தூக்கிப் பிடிப்பான். அவனை ஓரமாகப் போகச் சொல். டிரைலர் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வை, மூக்கை ஜாக்கியில் நிறுத்து, டிராக்டரைத் துளைக்கு நேராகக் கொண்டுவா, நியூட்ரல் போட்டு ஹேண்ட் பிரேக் இழு. அதற்குப் பிறகு இறங்கிப்போய்ப் பின்னைப் போடு.

7. இரண்டு பிரேக் பெடலையும் பூட்டு.

புதிதாக வருகிறவர்கள் மறப்பது இதைத்தான். உழவில் திரும்புவதற்காக இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனிப் பிரேக் பெடல் வைத்திருக்கிறார்கள். ரோட்டுக்கு வரும் முன் இரண்டையும் இணைக்கிற கொண்டியை மாட்டியாக வேண்டும். மாட்டாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நிற்கும், டிராக்டர் திரும்பும், பின்னால் வருகிற டன் கணக்கான பாரம் அதை அப்படியே மடக்கித் தள்ளும். கூட்டு ரோட்டில், எதிரே பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். வயலிலிருந்து வரப்பு ஏறியதும் கை தானாக அந்தக் கொண்டிக்குப் போகவேண்டும். டிஃபரன்ஷியல் லாக்கைத் தார் ரோட்டில் தொடவே தொடாதே.

8. இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்.

டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிற புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். இன்ஜின்தான் உன் முதல் பிரேக். கிளட்சை மிதித்துக்கொண்டு இறங்கினாலும் அது நியூட்ரல்தான்.

9. தண்ணீர் டேங்கர் தனி ரகம்.

கோடை வந்தால் நம் மாவட்டத்தில் டிராக்டர் பின்னால் மணலைவிடத் தண்ணீர்தான் அதிகம். 5,000 லிட்டர் என்றால் 5 டன், டேங்க் எடை தனி. முழு டேங்கை ஓட்டுவதைவிடப் பாதி டேங்கை ஓட்டுவது கடினம். பிரேக் போட்டால் தண்ணீர் முன்னே பாய்ந்து கொக்கியை இடிக்கும். வளைவில் ஒரு பக்கமாக ஏறி நின்று டேங்கைச் சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடு வைத்த டேங்க்தானா என்று கேட்டு வாங்கு. முழுசாக நிரப்பு அல்லது காலியாக ஓட்டு. பாதி இறக்கிவிட்டு மிச்சத்தை அடுத்த தெருவுக்குக் கொண்டுபோகும்போது நடை வேகத்தில் போ.

10. ஒரு டிராக்டர், ஒரு டிரைலர்.

இரண்டு டிரைலரைக் கோத்துக்கொண்டு கரும்பு ஏற்றச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடு.

11. நாற்கரச் சாலையில் நீ கிட்டத்தட்ட நிற்கிறாய்.

இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். நீ பாரத்தோடு 20-ல் போகிறாய். பின்னால் கார் 100-ல் வருகிறது. விநாடிக்கு 22 மீட்டர் வீதம் இடைவெளி சுருங்குகிறது. ராத்திரியில் அவன் ஹெட்லைட்டில் உன் டிரைலர் 100 மீட்டரில் தெரிந்தால், அவனுக்கு ஐந்து விநாடிகூட இல்லை. அதில் கரும்புத் தோகை தொங்கி ரிஃப்ளெக்டரை மறைத்திருந்தால் அந்த ஐந்து விநாடியும் கிடையாது. டிரைலர் பின்பக்கம் இரண்டு மூலையிலும் சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டு; பாரம் ஏற்றிய பின் சுற்றிவந்து அது தெரிகிறதா என்று பார். டிராக்டரிலிருந்து டிரைலருக்கு ஒயர் இழுத்துப் பின் விளக்கும் இண்டிகேட்டரும் எரியவை. பழுதாகி நின்றால் பின்னால் கல்லை வைத்துவிட்டுப் போய்ப் படுக்காதே. முக்கோணப் பலகையை நல்ல தூரத்தில் வை, கிளம்பும்போது எடுத்துக்கொண்டு போ.

நடுத் தடுப்பு இடைவெளியில் திரும்பும்போது உன் நீளத்தை நினைத்துக்கொள். டிராக்டரும் டிரைலருமாக எட்டு, ஒன்பது மீட்டர். மூக்கு அந்தப் பக்கம் போய்விட்டாலும் வால் வேகப் பாதையில் கிடக்கும். பாரத்தோடு இருக்கும் டிராக்டர் பட்டென்று கிளம்பாது. இரண்டு பக்கமும் ரோடு காலியாகிற வரை காத்திரு, ஹாரன் அடிக்கிறவன் அடிக்கட்டும். எதிர்த் திசையில் "பக்கத்து ஊர்தானே" என்று புகுந்து போவது வேண்டவே வேண்டாம்.

12. ஆள் ஏற்றாதே.

சமயபுரம் பூச்சொரிதல், சிறுவாச்சூர் கோயில், கல்யாணம், காதுகுத்து. டிரைலரில் ஜமக்காளம் விரித்துக் குடும்பத்தோடு போவது நம் பக்கம் வழக்கமாகிவிட்டது. 2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசம் கான்பூர் பக்கம் கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு டிராக்டர் டிரைலர் குளத்தில் கவிழ்ந்து 25-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் பெரும்பாலும். டிரைலருக்கு ஸ்பிரிங் சரியில்லை, பக்கத் தடுப்பு ஆளைத் தாங்காது, கவிழ்ந்தால் மேலேயே விழும். மட்கார்டில் ஒருவரை உட்காரவைத்துப் போவதும் அதே ரகம். டிராக்டரில் சீட் ஒன்றுதான். கீழே விழுந்தவனுக்குப் பின் சக்கரம் ஒரு முழம் தள்ளித்தான் இருக்கிறது. சொந்தக்காரர் கோபித்துக்கொள்வார், கொள்ளட்டும்.

13. காகிதம்.

டிரைலருக்குத் தனிப் பதிவு, தனி இன்சூரன்ஸ். டிராக்டர் பாலிசியில் டிரைலர் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு. விவசாயத்துக்கென்று பதிந்ததை வாடகைக்கு ஜல்லி அடிக்க ஓட்டினால் விபத்தன்று கம்பெனி கைவிரிக்க வழி கிடைக்கும். லைசென்ஸ் விஷயத்தில் பயப்படவேண்டாம்: டிராக்டர் ஓட்டும் லைசென்ஸ் வைத்திருப்பவர், டிரைலர் மாட்டினார் என்பதற்காகவே லைசென்ஸ் செல்லாதவர் ஆகிவிடமாட்டார் என்று 2001-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லைசென்ஸே இல்லாமல் ஓட்டுவதற்கு எந்தத் தீர்ப்பும் துணைக்கு வராது.

14. வெளியூர் போகும் தம்பிக்கு ஒரு வார்த்தை.

நம் பிள்ளைகள் கனடா, ஆஸ்திரேலியா என்று போய், அங்கே காருக்குப் பின்னால் சமையல், படுக்கையோடு கூடிய காரவான் டிரைலரை மாட்டி ஊர் சுற்றுகிறார்கள். கொக்கிக்குப் பதில் அங்கே இரும்புக் குண்டு. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் 50 மில்லிமீட்டர். குண்டின் அளவும் டிரைலர் மூக்குக் கிண்ணத்தின் அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். கனடாவில் டிரைலர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு வரை குண்டின் மேல் நிற்கட்டும் என்கிறார்கள். அது நம் முன்பாரக் கணக்குதான். வேகத்தில் காரவான் இடவலமாக ஆடத் தொடங்கினால் கார் பிரேக்கை அடிக்காதே, ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டாதே; ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு. டிரைலர் பிரேக்கைத் தனியாக இயக்கும் சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் தொடு. 750 கிலோவைத் தாண்டினாலே டிரைலருக்குப் பிரேக் வேண்டும் என்று வெளிநாடுகள் பலவற்றில் சட்டம் இருக்கிறது. நாம் ஐந்து டன்னைப் பிரேக் இல்லாமல் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

15. பிரேக் வைத்த டிரைலரைக் கேள்.

இது தம்பிக்கு மட்டுமல்ல, டிராக்டர் வைத்திருக்கும் முதலாளிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் குவாரிக்காரர்களுக்கும். டிரைலர் சக்கரத்திலேயே பிரேக் வைத்து, டிராக்டரிலிருந்து காற்றாலோ ஹைட்ராலிக்காலோ இயக்கும் ஏற்பாடு இன்று கிடைக்கிறது. செலவு ஆகும். ஒரு செட் டயருக்கும் புதுப் பெயிண்டுக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறோம், இதற்கும் கொடுக்கலாம். பழைய டிரைலரை விற்கமுடியாது என்றால் பாரத்தைக் குறைத்து நடையைக் கூட்டுங்கள். வாடகையை நடைக் கணக்கில் பேசாமல் எடைக் கணக்கில் பேசினால் ஓட்டுகிற பையன் ஒரே நடையில் எல்லாவற்றையும் அடைக்கமாட்டான். அடுத்த கரும்பு அரவை தொடங்கும் முன், உங்கள் வாசலில் நிற்கிற டிரைலரின் கொக்கிப் பின்னை ஒருமுறை உருவிப் பாருங்கள்; தேய்ந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள், பிரேக் வைக்கப் பட்டறையில் விலை கேளுங்கள்.